பெயர்ப்பலகை இல்லாத கராஜில் என் மொரிஸின் மெனிபோல்ட்

என் பழைய காரின் எக்ஸாஸ்ட் மெனிபோல்டை, அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடுகிற வார்ப்பிரும்புக் குழாயை, துருவெடுத்துப் பெயின்ட் அடித்துத் தந்த ஒரு கராஜ் பாஸைப் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பற்றியது இது. முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். "நாலு நாள்ல தந்துர்றேன் சேர்" என்றவர் 19 நாள் எடுத்தார். போன் அடித்தால் பாதி நாள் எடுப்பதில்லை. பில் கிடையாது. கூலி 14,000 ரூபா, பெயின்ட் என் செலவு. இதைக் கேட்டே மனம் கசந்தவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். நான் மறுபடியும் போவேன்.

கார் 1959 மொரிஸ் மைனர், 948 சீசீ, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட். தோட்டத்து டிஸ்பென்சராக இருந்த பெரியப்பா விட்டுப்போனது. பாடி, சீட், வயரிங் எல்லாம் முடித்தாயிற்று. பொனட்டைத் திறந்தால்தான் மானம் போகும். எக்ஸாஸ்ட் மெனிபோல்ட் செங்கல் நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அட்டன் மழையிலும் பனிமூட்டத்திலும் கிடக்கிற வார்ப்பிரும்பு வேறு எப்படி இருக்கும்? ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிற ஆசை எனக்கு. அங்கே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்க வருகிற பொடியன்கள் பழைய காரைக் கண்டால் முதலில் சொல்வது, "பொனட்டைத் திறங்கண்ணே" என்றுதான்.

முந்திய வருஷம் நானே ஒரு கூத்து ஆடியிருந்தேன். வீட்டு கேட்டுக்குப் பூசி மிஞ்சிய வெள்ளிப் பெயின்டை மெனிபோல்டில் அப்பிவிட்டேன். கினிகத்தேனை ஏற்றத்தில் செகண்ட் கியரில் வரும்போது பொனட் இடுக்கால் புகை. பக்கத்தில் இருந்த மனைவி சாமான் பையோடு இறங்கி நின்றுவிட்டாள். அந்தச் சூட்டில் சாதாரணப் பெயின்டின் பிசின் கருகாமல் என்ன செய்யும்?

பிறகுதான் இந்த பாஸைப் பற்றிக் கேள்விப்பட்டேன். டிக்கோயா வீதியில் ஒரு தகரக் கொட்டில், அவ்வளவுதான். ஜாகுவார் ஈ-டைப்பில் இருக்கிற மாதிரி பளபளவென்று கறுப்பு எனாமல் வேண்டுமென்று கேட்டேன். சிரித்தார். "அது கண்ணாடித் தூளை 800 டிகிரியில உருக்கி ஒட்டுறது சேர். சூடா இருக்கப்ப தண்ணி தெறிச்சா தெறிச்சு விழுந்துரும். உங்க காருக்கு அது பொறந்தப்பவே கெடையாது. வார்ப்பு வார்ப்பு மாதிரி சாம்பலா இருக்கட்டும்." அந்தப் பேச்சுக்கே பாதிக் கூலி கொடுக்கலாம்.

நட்டுகளை டீசலில் ஊறவைத்தும் ஒரு ஸ்டட் (நட் பூட்டுகிற மரையாணி) முறிந்தது. அவராகவே போன் பண்ணிச் சொன்னார். துளைத்தெடுத்துப் புதிது போட்டதற்குக் காசு கேட்கவில்லை. இனி இறுகாமல் இருக்கப் பித்தளை நட் போட்டார்.

துருவெடுத்த விதம்தான் பார்க்கவேண்டியது. மணல் ஊதுகிற மெஷின் அவரிடம் இல்லை. பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். மைனஸ் வயர் மெனிபோல்டில், பிளஸ் வயர் பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில். ஒரு நாள் முழுக்க நுரைத்துக்கொண்டே கிடந்தது. பீப்பாய் கொட்டிலுக்கு வெளியேதான், ஏனென்றால் வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் சங்கதி வேறு. தேயிலை பாக்டரியில் கழித்த ஸ்டெயின்லெஸ் துண்டு என்னிடம் இருக்கிறது, பிளஸ்ஸுக்குக் கொண்டுவரட்டுமா என்றேன். "வேணாம் சேர், அதுல இருக்கிற குரோமியம் தண்ணியில விஷமா எறங்கும்" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவராம். நான் விஞ்ஞான ஆசிரியன்.

கழுவியெடுத்த இரும்பு நம்ம ஊர் ஈரத்தில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மறுபடி மஞ்சளாகும். அதனால் உடனே கேஸ் டோர்ச்சால் காயவைத்து, ஆறியதும் தின்னரால் துடைத்து, கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் நான் வாங்கிக் கொடுத்த சூடு தாங்கும் சிலிக்கோன் ஸ்பிரேயை மூன்று மெல்லிய கோட்டாக அடித்தார். டின்னில் சூட்டுக் கணக்கு பாரன்ஹைட்டில் இருந்தது: 250, 400, 600, ஒவ்வொன்றும் அரை மணி, நடுவில் ஆறவிட வேண்டும். முதல் இரண்டுக்கும், பாண் சுடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு பழைய போறணை. (பாண் சுடுகிற போறணையில் இதைச் செய்யவே கூடாது, கேட்டுத்தான் விட்டேன்.) மூன்றாவது சூட்டுக்கு, காரில் பூட்டி தலவாக்கலை வரை ஓட்டி வந்தோம்.

குறை ஒன்று உண்டு. மெனிபோல்ட் எஞ்சின் ஹெட்டோடு பொருந்துகிற முகத்தை மறைக்காமல் ஸ்பிரே அடித்துவிட்டார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக் என்று காற்றுக் கசிந்தது. திரும்பக் கழற்றி, முகத்தைச் சுரண்டி, நெளிவு இருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்த்து, கசிவை அடைக்க இடையில் வைக்கிற கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டார். இலவசம்தான், ஆனால் 19 நாளில் நாலு நாள் அதற்கே போனது.

இப்போது ஐந்து மாதம். சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் இரண்டும் ஒரே வழியால் புகை விடுகிற நடு இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டருக்குக் கீழே பெற்றோல் சொட்டி அரை நிலா மாதிரி ஒரு கறை. அந்தப் பழி பெயின்டுக்கோ பாஸுக்கோ இல்லை. மைனரில் கார்புரேட்டர் மெனிபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, என்னுடையது ஒழுகுகிறது. அதையும் அவரிடமே கொண்டுபோகப் போகிறேன், இந்தத் தடவை ஒரு மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு.