டோலுடெக்ராவிரா, எஃபாவிரென்ஸா?

எச்ஐவி முதல்கட்ட சிகிச்சையில் எஃபாவிரென்ஸ் நெடுங்காலம் கோலோச்சியது. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முன்னிறுத்துவது டோலுடெக்ராவிர்.

இரண்டையும் ஒப்பிட்ட 'சிங்கிள்' ஆய்வில் 48ஆம் வாரம் ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் 50 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்கள் டோலுடெக்ராவிர் பக்கம் 88%, எஃபாவிரென்ஸ் பக்கம் 81%. பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் முறையே 2%, 10%. இடைவெளிக்கு முக்கியக் காரணம் இதுதான், வீரியம் அல்ல. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் விசித்திரக் கனவும் தரும். அதனால்தான் இரவில், வெறும் வயிற்றில் போடச் சொல்வார்கள். கொழுப்பு உணவோடு போட்டால் ரத்தத்தில் அளவு ஏறி, தொல்லையும் ஏறும்.

மருந்தெதிர்ப்பில் போட்டியே இல்லை. கே103என் என்ற ஒற்றை மரபணு மாற்றம் போதும், எஃபாவிரென்ஸ் படுத்துவிடும். டோலுடெக்ராவிர் அவ்வளவு லேசில் விழாது.

ஆனால் அதற்கும் சிக்கல் உண்டு. உடல் எடை கூடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் குடலிலேயே பிணைந்து, உறிஞ்சப்படாமல் போகும்; டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடலாம், அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்தே போடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு இருவேளை வேண்டும். எஃபாவிரென்ஸ் 600 மி.கி.யில் பொதுவாக மாற்றம் தேவையில்லை. டோலுடெக்ராவிரால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ரத்தக் கழிவுப்பொருள்) சற்று ஏறினால் பதற வேண்டாம்: பெரும்பாலும் வெளியேற்றம் தடைபடுவதுதான், சிறுநீரகச் சேதம் அல்ல.

டோலுடெக்ராவிரால் கருவுக்கு நரம்புக்குழாய்க் குறை (மூளை, தண்டுவடம் உருவாவதில் கோளாறு) வருமோ என்று 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து எழுந்த அச்சம், கூடுதல் பிரசவங்களின் தரவு சேரச்சேரக் கரைந்துவிட்டது.