‘ஒட்டுக் கன்று’ என்று வந்தவை 12 விதைக் கன்றுகள், போனது அரை மாதச் சம்பளம்

நேற்று மாலை மாங்கன்றின் தண்டில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டு இல்லை, அதாவது காய்த்த மரத்துக் குச்சியை விதைக் கன்றின் தண்டில் பொருத்திய இடமே இல்லை. கத்தியால் பட்டையில் லேசாகக் கீறிய ஒரு கோடு, அதன் மேல் டேப், அவ்வளவுதான். இரண்டாவது கன்றிலும் அப்படியே. மூன்றாவதில் கீறுவதற்குக்கூட மெனக்கெடவில்லை, வெறும் தண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 12 கன்றுகள். என் அரை மாதச் சம்பளம். ஒட்டுக் கன்றை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

விற்றது சமூக வலைத்தளத்தில் பழக்கன்று விற்கும் ஒரு பக்கம். பெயர் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள்.

எங்கள் தோட்டத்தில் நான் நட்டு வளர்ந்த மரம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் தானாக வந்தவை. உரக்குழி ஓரத்தில் கொட்டை முளைத்து இடுப்பளவு நின்ற மா. தண்ணீர் வழிந்தோடும் மூலையில் இரண்டு பப்பாளி. மதில் ஓரம், பறவை போட்ட எச்சத்திலிருந்து வந்த கொய்யா, மூன்று வருடத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டது. இவை காய்க்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பக்கத்துக்குப் படம் அனுப்பினேன். வாங்கும் எண்ணமே அப்போது இல்லை.

ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. “அக்கா, இதெல்லாம் தானா முளைச்சது. பத்து வருஷம் ஆனாலும் காய்க்காது, காய்ச்சாலும் வாயில வைக்க முடியாது. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, எடுத்துடுங்க. நான் தர்றது எல்லாம் ஒட்டு. மூணாவது வருஷம் பறிக்கலாம்.”

இதைக் கேட்டு மட்டும் நான் விழவில்லை. பணம் எப்போது அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். “அவசரமே இல்லக்கா. முதல்ல குழி எடுத்து ரெண்டு வாரம் ஆறப் போடுங்க. மேல்மண்ணைத் தனியா வைங்க, தொழு உரத்தோட அதைத்தான் திருப்பிப் போடணும். அப்புறம் பணம் அனுப்பினா போதும்” என்றான். அங்கேதான் விழுந்தேன். மேல்மண்ணைப் பற்றிப் பேசுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். சொன்ன வேலையும் சரியான வேலைதான், அதுதான் இன்னும் எரிகிறது.

குழிக்கு இடம் வேண்டுமே. மாவையும் பப்பாளியையும் பிடுங்கினோம், கொய்யாவை அடியோடு அறுத்தோம். விழுந்த கிளையில் இலை இடுக்குகளில் பட்டாணி அளவு மொட்டுகள் இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டும், ‘வாயில வைக்க முடியாது’ என்று அவன் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பணத்தை அனுப்பிய பிறகு வந்தவை: மா 4, பலா 2, எலுமிச்சை 3, பதியன் கொய்யா 3 (பதியன் என்றால் மரக்கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டி எடுத்த கன்று). கூடவே ஓர் அட்டை: ‘டேப்பை 3 மாதம் பிரிக்கக் கூடாது, ஒட்டு விலகிவிடும்.’ விற்பனைத் தளத்தில் புகார் கொடுக்க 10 நாள். இந்தக் கணக்கு நேற்றுதான் எனக்குப் புரிந்தது. விற்பனைக்கு வரும் கன்றில் ஒட்டு ஏற்கெனவே கூடியிருக்க வேண்டும். கூடிய பிறகும் டேப்பை விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது அது இறுக்கி உள்ளே வெட்டும். பிரிக்கச் சொல்வதுதான் முறை.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மாமா. பலாவைப் பார்த்து, “என்னம்மா, இலை விரல் விரலாப் பிளந்திருக்கு?” என்றார். காய்த்த மரத்திலிருந்து எடுத்த குச்சியில் இலை பெரும்பாலும் முழுசாக வரும், விதையில் வந்த இளங்கன்றில்தான் இப்படிப் பிளவு விழும் என்றார். அதன் பிறகுதான் டேப்பைப் பிரித்தேன். ஒரு மாங்கன்றின் அடியில் கொட்டை ஓடு அப்படியே இருந்தது, அந்த ஒரே கொட்டையிலிருந்து மூன்று தண்டு! பதியன் என்று கொடுத்த கொய்யாவில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் நேராக இறங்கும் ஆணிவேர். கிளையில் கட்டிய பதியனுக்கு ஆணிவேர் ஏது? சல்லிவேர்தானே இருக்கும்?

போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தேன். “மேடம், ஒட்டுக்கு அடியில இருக்கிற வேர்ச்செடி கொட்டையில இருந்துதான் வரும்.” சரி, அது உண்மைதான், ஆனால் அதன் மேல் கட்டிய குச்சி எங்கே தம்பி? “ஒட்டு நல்லா சேர்ந்துட்டா கண்ணுக்குத் தெரியாது மேடம்.” இத்தனை சின்னக் கன்றில், ஒட்டு என்று வந்த ஒன்பதிலும் தெரியாதாம். அக்கா எப்போது மேடமாக மாறினேன் என்று தெரியவில்லை. அடுத்த போனில், டேப்பைப் பிரித்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றான். அதற்கடுத்து, அனுப்பும் செலவைக் கொடுத்தால் இரண்டு கன்று இலவசமாம். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு விதைக் கன்றுக்கு நான் வண்டிக் காசு தர வேண்டும்! தளத்தில் புகார் கொடுத்தேன். ‘உயிருள்ள பொருட்களுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை’ என்று இயந்திரப் பதில். இரவு என் எண்ணையும் தடை செய்துவிட்டான்.

விதைக் கன்று மட்டம் என்று நான் சொல்லவில்லை. பல மா வகைகளில் விதைக் கன்று தாயைப் போல வராது, காய்க்க ஒட்டைவிட அதிக வருடம் பிடிக்கும். ஆனால் ஒரே கொட்டையில் பல தண்டு விடும் வகைகளில் பெரும்பாலான கன்றுகள் தாயின் நகலாகவே வரும். எலுமிச்சையிலும் இது சகஜம், அதனால் அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். உலகம் முழுக்க விற்கும் கிரானி ஸ்மித் பச்சை ஆப்பிளே ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் இடத்தில் 1860களில் தானாக முளைத்த கன்றுதான். எங்கள் கொய்யா அப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. என்ன பழம் என்று பார்த்துவிட்டாவது அறுத்திருக்கலாம். இலவசமாக நின்ற விதைக் கன்றை வெட்டிவிட்டு, அரை மாதச் சம்பளம் கொடுத்து விதைக் கன்று வாங்கியிருக்கிறேன்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கன்று வந்த அன்றே டேப்பைப் பிரியுங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். தண்டின் கீழ்ப்பகுதியில் சாய்வாகவோ ஆங்கில ‘வி’ போலவோ தழும்பு இருக்க வேண்டும், அதற்கு மேலும் கீழும் பட்டை கொஞ்சம் வேறுபடும். பதியன் என்றால் வேரைப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாடி அனுப்பாதீர்கள். விற்கிறவன் சொன்னான் என்று நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள்.

இன்று காலை அந்தப் பக்கத்தை வேறு எண்ணிலிருந்து பார்த்தேன். புதுப் படம், ‘இன்னும் சில செட்கள் மட்டுமே’. அதன் கீழே ஒருவர், ‘குழி எடுத்துட்டேன் தம்பி, பணம் இன்னைக்கு அனுப்பறேன்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.