ரௌசியின் ஆம்பாருக்கு ஆறு வாரம்: வெள்ளவத்தை வகுப்பு எப்படி?

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது இந்தப் பயிற்சிக்கூடம். இங்கே ஆம்பார் என்ற ஒரே பிடிக்காக, அதாவது எதிராளியின் கையை நீட்டி முழங்கையைப் பின்பக்கமாக வளைக்கும் பிடிக்காக மட்டும், ஆறு வார வகுப்பு நடக்கிறது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் 12 வகுப்பு. விளம்பரத்தில், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கலப்புச் சண்டையின் முன்னாள் சம்பியனான அமெரிக்க வீராங்கனை ரொண்டா ரௌசியின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை முன்னே வைத்து நடத்தும் வகுப்பை அவருடைய சண்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

இன்றைக்கு ரௌசியின் பெயரை எடுத்தாலே முதலில் வருவது இரண்டு தோல்விகள். 2015 நவம்பரில் மெல்பேர்ணில், 56,214 பேர் பார்த்திருக்க, ஹொலி ஹோல்ம் இரண்டாம் சுற்றின் 59ஆவது செக்கனில் இடதுகால் உதையால் அவரை வீழ்த்தினார். 2016 டிசம்பர் 30இல் அமண்டா நூனெஸ் 48 செக்கனில் முடித்துவிட்டார். அதோடு, அவருடைய எதிராளிகள் எல்லாம் சப்பை, காலம் அவருக்குக் கைகொடுத்தது என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

அந்தப் பேச்சு தவறு. அவர் தோற்கடித்தவர்கள் யார் என்று பாருங்கள். சாரா மக்மன் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர். ரௌசி 39 செக்கனில் கையைப் பிடித்து முடித்த ஜூலியா பட், பின்னாளில் பெலட்டர் என்ற கலப்புச் சண்டை அமைப்பில் சம்பியன் ஆனார். லிஸ் கார்முஷும் அப்படியே. இரண்டு தடவை ரௌசியின் ஆம்பாரில் தோற்ற மீஷா டேட், 2016இல் அதே ஹோல்மைத் தோற்கடித்துப் பட்டம் எடுத்தார். 2015 வரை ரௌசி பெற்ற 12 வெற்றிகளில் 9 ஆம்பார். என்ன வரப்போகிறது என்று எதிரே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 2014, 2015இல் அலெக்சிஸ் டேவிஸ், கட் சிங்கானோ, பெத் கொரெய்யா என்று தொடர்ந்து மூன்று பட்டப் பாதுகாப்புகள்: 16, 14, 34 செக்கன். மூன்றையும் கூட்டினாலும் ஒரு நிமிடமும் நாலு செக்கனும்தான்.

அவரிடம் பழுதுபட்டது பிடி இல்லை, பிடிக்குப் போகும் வழி. ரௌசி ஜூடோக்காரர், 2008 பீஜிங்கில் 70 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர். எதிராளியின் தலையைக் கையால் வளைத்து, இடுப்பில் ஏற்றிப் புரட்டி வீசுவார். விழும்போதே பக்கவாட்டில் மார்பின்மேல் ஏறிவிடுவார். கீழே கிடப்பவர் தள்ளுவதற்கு எந்தக் கையை நீட்டினாலும் அந்தக் கை போய்விடும். ஆனால் இதெல்லாம் உடம்போடு உடம்பு ஒட்டிய பிறகுதான். ஹோல்ம் இடக்கைக்காரி, குத்துச்சண்டையில் உலகப் பட்டம் பெற்றவர். ரௌசி நேர்கோட்டில், தலையை அசைக்காமல் துரத்தத் துரத்த, ஹோல்ம் பக்கவாட்டில் நழுவி இடது நேர்க்குத்தை முகத்தில் இறக்கிக்கொண்டே இருந்தார். ஒட்டிப் பிடித்த சில தருணங்களிலும் உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

இதை வைத்துப் பார்த்தால், வகுப்பின் பலமும் பலவீனமும் ஒரேயடியாகத் தெரிந்துவிடும்.

பிடியை முடிக்கும் விதத்தை இங்கே கொழும்பில் எங்கும் எதிர்பார்க்கக்கூடியதைவிட நுணுக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். முதல் இரண்டு வாரமும் நான்கே நான்கு விடயம். இடுப்பு எதிராளியின் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும். இடையில் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே அவர் உள்ளே திரும்பி மேலே ஏறிவிடுவார். முழங்கால்கள் இரண்டும் நெருக்கியிருக்க வேண்டும். புதியவர்கள் பாதங்களைப் பின்னிக்கொள்ளும்போது முழங்கால் தானாக விரிந்து, முழங்கை வெளியே வழுகிவிடும். குதிகால் தரையை நோக்கி அழுத்த வேண்டும். நாலாவது, எதிராளியின் பெருவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். கடைசி விடயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மணிக்கட்டு வியர்வையில் ஒரு சுற்றுச் சுழலும், பெருவிரல் பக்கவாட்டில் சரியும், முழங்கை இடுப்புக் கோட்டைவிட்டு விலகும். பிறகு எவ்வளவு இடுப்பைத் தூக்கினாலும் மூட்டில் அழுத்தமே விழாது. கீழே இருப்பவர் கையைத் திருகி உருண்டு வெளியே வந்துவிடுவார். பயிற்றுநர் ஒவ்வொரு சோடியிடமும் குனிந்து அந்தப் பெருவிரலைத் தன் விரலால் நிமிர்த்திவிட்டுத்தான் "இப்போ தூக்குங்கோ" என்கிறார். நல்ல பழக்கம் இது.

எதிராளி இரண்டு கையையும் கோத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்றாம் வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நேராகப் பின்னால் இழுத்தால் அது வெறும் பலப்பரீட்சை, பாரமானவர் வெல்வார். முழங்கை மடிப்பில் நம் முன்கையைக் கொளுவி, எதிராளியின் தலைப்பக்கமாகச் சரிந்து இழுத்தால் கோர்வை அவிழும். அதுவும் சரிவராவிட்டால் பாதத்தால் அவருடைய மற்றக் கையின் புயத்தைத் தள்ளலாம். இரண்டையும் வரிசையாகப் பழக்குகிறார்கள்.

குறை நாலாம் வாரத்திலிருந்து தொடங்குகிறது. 12 வகுப்பில் வீசிவிழுத்தலுக்கு ஒன்றே ஒன்று. நின்ற நிலையில் குத்தைத் தாண்டி எதிராளியை ஒட்டிப் பிடிப்பதற்கு அரை வகுப்புத்தான். மீதி எல்லாம் தரையில், எதிராளி ஏற்கெனவே மல்லாந்து கிடக்கும் நிலையில் ஆரம்பிக்கிறது. ரௌசியை வீழ்த்திய ஓட்டை எதுவோ, அதையே ஓட்டையாகவே கற்றுக்கொடுப்பது போல ஆகிவிடுகிறது இது. கடைசி நாளின் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இது அப்பட்டமாகத் தெரியும்: ஆட்கள் நிமிர்ந்த தலையோடு நேரே நடந்து போய்க் குத்து வாங்குகிறார்கள். குறைந்தது நாலு வகுப்பாவது இதற்கு வேண்டும்: எதிராளி நகரும் பக்கத்துக்கு முன்கூட்டியே காலை வைத்து வழியை அடைப்பது, முன்னால் நிற்கும் கையின் குத்தை மறைப்பாக விட்டு உள்ளே நுழைவது, நுழையும்போது தலையை நடுக்கோட்டிலிருந்து விலக்குவது, இடக்கைக்காரருக்கு முன்னால் நம் முன்கால் அவர் காலுக்கு வெளியே இருப்பது.

மெத்தையிலும் கவனம் தேவை. தரைப் பயிற்சி நடக்கும் பகுதியில் 40 மில்லிமீற்றர் ஜூடோ மெத்தை, திருப்தி. வீசிப் பழகும் மூலையிலோ ஒன்றோடொன்று கொளுவும் மெல்லிய ஸ்பொஞ்ச் துண்டுகள். இழுபடும்போது பொருத்து விரிந்து கால்விரல் உள்ளே மாட்டுகிறது. இடுப்பில் ஏற்றி வீசும் பயிற்சிக்கு அந்த மூலையில் நிற்காதீர்கள். மெத்தை மாற்றும்வரை தடிப்பான பகுதியில் இடம் கேளுங்கள். கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து இருபது நிமிடத்தில் தரை வழுக்கத் தொடங்கும். நடுவில் ஒருமுறை துடைக்கிறார்கள், அது போதாது. படர்தாமரை இப்படியான இடத்தில்தான் பரவும். உடம்போடு ஒட்டும் நீளக்கை மேலாடையான ரஷ்கார்ட் போடுங்கள், வீட்டுக்குப் போகும்வரை காத்திராமல் அங்கேயே குளியுங்கள்.

பெண்கள் தாராளமாகப் போகலாம். சோடி பிரிப்பது எடையைப் பார்த்து. பெண்ணுக்குப் பெண் சோடி வேண்டுமென்றால் முதல் நாளே சொன்னால் ஏற்பாடு செய்கிறார்கள். அமெரிக்கக் கலப்புச் சண்டை அமைப்பான UFCஇன் தலைவர் டேனா வைட், பெண்கள் அந்த மேடைக்கு ஒருபோதும் வரமாட்டார்கள் என்று 2011இல் சொன்னவர். 2013 பெப்ரவரியில் ரௌசி அங்கே பட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருப்பதற்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு.

தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டும் விதி இங்கே கண்டிப்பு, அதைப் பாராட்ட வேண்டும். கை நீண்டதும் தட்ட வேண்டும், வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முழங்கையில் வலி தெரியும் நேரத்தில் இணைப்புநார் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். 2012இல் மீஷா டேட் தட்டாமல் தாங்கிப் பார்த்தார். அவருடைய முழங்கை பின்பக்கமாக வளைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

தரைப்பிடி கொஞ்சம் தெரிந்து, முடிப்பில் கைதவறுபவர்களுக்கு முதல் மூன்று வாரமும் கொடுத்த காசுக்கு மேல் தரும். முற்றிலும் புதியவர்கள் முதலில் எங்காவது ஜூடோவில் விழப் பழகிவிட்டு வாருங்கள். பல்லுக்காப்பு அங்கே கொடுப்பதில்லை. கொதிநீரில் போட்டுப் பதிக்கும் வகையை வாங்கி, வகுப்புக்கு முதல் நாளே கடித்துப் பதித்து வையுங்கள்.