கைப்பிரதியா, பக்கத்து வீட்டு உறவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் மாதிரி ஊரில் கிறிஸ்துவைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, கடைத்தெருவில் நின்று கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரம், கொடுத்துப் பேசுவது. முன்பின் தெரியாத பலருக்கும் இயேசுவின் பெயர் போய்ச் சேரும். ஆனால் வாங்கியவருக்கு இரவில் ஒரு கேள்வி எழுந்தால் நாம் அங்கே இருக்கமாட்டோம்.

மற்றது, அண்டை வீட்டாரோடு வாழ்ந்து காட்டுவது. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தேதான் இங்கே வந்தார்கள். இன்றும் ஒரே தெருவில் இருக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படிப்பட்ட நாளில் தன் வீட்டு டேங்கைத் தெருவுக்கே திறந்துவிடும் விசுவாசியை யார் மறப்பார்கள்? அதற்குக் கைம்மாறாக ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது, அது பேரம். சாவு வீட்டில் கூட இருப்பது, கடனைச் சொன்ன தேதியில் திருப்புவது, கோபத்தில் வாயை அடக்குவது எல்லாம் இதில் சேரும். வருடங்கள் ஆகும், சரி, ஆகட்டும்.

என் மனம் இரண்டாவது பக்கம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா "உங்களால் எப்படி இப்படி இருக்க முடிகிறது?" என்று கேட்கும்போது மௌனமாக இருக்கக் கூடாது. வேதாகமத்தில் 1 பேதுரு 3:15 பதில் சொல்லத்தான் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு. கைப்பிரதியை அப்போது கொடுங்கள், படிப்பார்.