கிராஸ்போவா, லாங்போவா? பாவிஸ் நட்ட இடத்திலிருந்து ஒரு ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று கட்டிக்கிடக்கும் அந்த இரண்டு மாதமும் என் மச்சான் எங்கள் வீட்டில்தான் இருப்பான். பகலெல்லாம் வலையைச் சீர் பார்ப்பான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஷிவல்ரி 2 என்ற சண்டை கேம் போடுவோம். அவன் லாங்போ என்கிற நீளவில், நான் கிராஸ்போ என்கிற விசைவில். எது உசத்தி என்ற சண்டை இரண்டு வருடமாக எங்களுக்குள் ஓயவில்லை. நான் கிராஸ்போக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவன் பக்கத்து நியாயத்தை மறைக்க மாட்டேன்.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டார்ன் பேனர் நிறுவனம் 2021 ஜூனில் வெளியிட்ட இந்த கேமில் 64 பேர் வரை இரண்டு அணியாகப் பிரிந்து, வாளும் கோடரியும் ஈட்டியுமாக மோதுவார்கள். நைட், வேன்கார்டு, ஃபுட்மேன், தூரத்திலிருந்து அடிக்கும் ஆர்ச்சர் என்று நான்கு வகுப்பு. ஆர்ச்சருக்குள் மூன்று பிரிவு: லாங்போமேன், கிராஸ்போமேன், ஸ்கர்மிஷர். நைட்டோடு வைத்துப் பார்த்தால் ஆர்ச்சருக்கு உயிர் ரொம்பக் கம்மி. பெரிய கோடரிக்காரன் பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சே கிடையாது. அதனால் ஆர்ச்சர் எடுப்பவன் முதலில் யோசிக்க வேண்டியது எங்கே நிற்பது என்பதைத்தான். எவனை அடிப்பது என்பது அதற்கு அப்புறம்.

இரண்டு ஆயுதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். லாங்போ தன் விலையை எய்வதற்கு முன்னால் கேட்கும். கிராஸ்போ எய்த பிறகு கேட்கும். வில்லில் ஒவ்வொரு அம்புக்கும் நாணை இழுக்க வேண்டும், இழுத்ததை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. கிராஸ்போவில் ஒருமுறை அம்பைப் பூட்டிவிட்டால் நீங்கள் ஒளிந்திருக்கலாம், குந்தலாம், மூலையில் காத்திருக்கலாம், அது தயாராகவே இருக்கும். தலையை நீட்டி, குறிவைத்து, விசையை அழுத்தினால் ஆயிற்று. ஆனால் அந்த ஒரு அம்பு போனபின் அடுத்ததைப் பூட்டும்வரை கையில் இருப்பது வெறும் மரக்கட்டை. அந்த நேரத்தில் மச்சான் இரண்டாவது அம்பை விட்டு, மூன்றாவதற்கு நாணை இழுத்துக்கொண்டிருப்பான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. முதல் அம்பு யாருடையது என்ற கேள்வியில் கிராஸ்போ ஜெயிக்கும். இரண்டாவது அம்பிலிருந்து லாங்போ ஜெயிக்கும். இரண்டு ஆர்ச்சர்கள் நேருக்கு நேர் எய்துகொண்டால், முதல் அம்பு தலையில் படாத கிராஸ்போக்காரன் உடனே மறைய வேண்டும். அங்கேயே நின்று பூட்டுகிறவனை நான் நூறு முறை கொன்றிருக்கிறேன்.

குறிவைப்பதிலும் இரண்டும் வேறு. கிராஸ்போ அம்பு வேகமாக, கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். லாங்போ அம்பு வளைந்து இறங்கும். தூரத்தை மனதில் அளந்து, தலைக்கு மேலே எவ்வளவு தூக்குவது என்று கை பழக வேண்டும். ஆனால் ஓடுகிறவனுக்கு எவ்வளவு முன்னால் வைப்பது என்ற கணக்கு இரண்டுக்கும் உண்டு. வீச்சுவலை போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். மடவைக் கூட்டம் இருக்கிற இடத்தில் வலையை வீசினால் வெறும் தண்ணீர்தான் வரும், அது போகிற இடத்தில் வீச வேண்டும். மச்சான் முதல் நாளே லாங்போவில் ஆளை அடித்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன். எனக்கு அந்தக் கை கிடையாது. ஆகவே நான் நிற்கிற ஆளைத்தான் தேடுவேன். ஏணியில் ஏறுகிறவன், ஓங்கிய கோடரியை இறக்கப் போகிறவன், கீழே விழுந்தவனை முடிக்கக் குனிகிறவன், கட்டுப் போட்டுக்கொள்கிறவன், இன்னொரு கிராஸ்போக்காரன். இவர்கள் எல்லோரும் ஒரு நொடியாவது எங்கே இருப்பார்கள் என்று முன்பே தெரியும். கிராஸ்போவுக்கு அந்த ஒரு நொடி போதும்.

லாங்போவுக்கு நான் மனதார ஒப்புக்கொள்ளும் மேன்மை ஒன்று இருக்கிறது. இந்த கேமில் நம் அம்பு நம் ஆளையும் காயப்படுத்தும். கூட்டமாக அடித்துக்கொள்ளும் இடத்தில் நேர்கோட்டில் எய்தால் பாதி நம் ஆள் முதுகில்தான் ஏறும். லாங்போக்காரன் தலைகளுக்கு மேலே வளைத்து, பின்வரிசையில் இறக்கலாம். தணல் சட்டியை ஊன்றி, அம்பில் தீ வைத்தும் எய்யலாம். கிராஸ்போக்காரனுக்குத் தலைக்கு மேலே வளைத்து இறக்கும் வழி கிடையாது. அவன் பக்கவாட்டில் போய், நம் ஆளும் எதிரியும் ஒரே கோட்டில் வராத இடத்தைப் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நம் அணிக்கு நேர் பின்னால் நின்று எய்துவிட்டு, கிராஸ்போ உருப்படாத ஆயுதம் என்கிறார்கள். சண்டைக்கு நேர் பின்னால் என்பது கிராஸ்போக்காரன் நிற்கவே கூடாத இடம். வலமோ இடமோ ஒதுங்கி, கொஞ்சம் மேட்டில் நின்றால் அதே ஆயுதம் வேறு மாதிரிப் பேசும்.

இனி பாவிஸ். கிராஸ்போக்காரன் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் ஊன்றும் ஆளுயரக் கேடயம் இது. என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. கிராஸ்போவையும் பாவிஸையும் இரண்டு பொருளாக நினைக்கிறவனுக்குக் கிராஸ்போ சரிப்படாது. வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1346 ஆகஸ்ட் 26, பிரான்சின் கிரெசி. பிரெஞ்சு மன்னனுக்காகக் கூலிக்கு வந்த ஜெனோவா கிராஸ்போ வீரர்களை முன்வரிசையில் அனுப்பினார்கள். அவர்களுடைய பாவிஸ்கள் பின்னால் வரும் சாமான் வண்டிகளிலேயே கிடந்தன. எதிரில் ஆங்கில லாங்போ. நிமிடத்துக்குப் பத்து அம்பு வரை விடக்கூடியவர்களுக்கு முன்னால், இரண்டு மூன்று விடக்கூடியவர்கள் மறைப்பில்லாமல் நின்று நாணேற்றினார்கள். சிதறிப் பின்வாங்கியவர்களைச் சொந்த அணியின் குதிரை வீரர்களே மிதித்துக்கொண்டு போனார்கள். லாங்போ கிராஸ்போவை வென்றதற்கு உதாரணமாக மச்சான் இதைத்தான் எடுப்பான். நான் அதையே என் பக்கத்துக்கு எடுக்கிறேன். அன்றைக்கு மறைவில் நின்று நாணேற்ற அந்த வீரர்களுக்கு வழி இல்லாமல் போயிற்று. அதற்கு ஆயுதத்தைக் குறை சொல்ல முடியாது.

கேமில் பாவிஸை எப்படி நடுவது? நேரே எதிரியைப் பார்த்து நட்டால் அவனுக்கு ஒரு பலகை தெரியும், அதன் எந்த ஓரத்தில் உங்கள் தலை வரும் என்று காத்திருப்பான். நான் கொஞ்சம் சாய்த்து, ஒரு சுவரோ தூணோ வண்டியோ ஒரு பக்கத்தை மூடுகிற மாதிரி நடுவேன். தலை வெளியே வரும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் நான் தேர்ந்தது. இரண்டு மூன்று அம்புக்கு மேல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நாலாவதில் அவர்களுடைய ஆர்ச்சர் ஒருவன் அந்த ஓரத்திலேயே கண்ணை வைத்திருப்பான். பாவிஸ் முன்னால் வரும் அம்பை மட்டும்தான் தடுக்கும். பக்கத்தில் சுற்றி வரும் கத்திக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை பூட்டுவதற்கு முன்னும் இடமும் வலமும் ஒரு பார்வை. இது பழக எனக்கு மாதக்கணக்காயிற்று.

எதிரி ஓடி வருகிறான், கையில் பூட்டிய கிராஸ்போ இருக்கிறது என்றால் பதறி எய்யாதீர்கள். அவன் நெருங்க நெருங்கக் குறி பெரிதாகிறது. நாலைந்து காலடி தூரத்தில் நெஞ்சிலோ தலையிலோ விட்டுவிட்டு உடனே கைவாளை எடுங்கள். பூட்டாத கிராஸ்போ இருக்கும்போது அவன் வந்தால், பூட்டும் ஆசையே வேண்டாம். வாளை எடுத்துத் தடுத்துக்கொண்டே நம் ஆட்கள் பக்கம் பின்வாங்க வேண்டும். இந்த இடத்தில் லாங்போவும் பெரிதாக ஒன்றும் உதவாது. இரண்டு பேருக்கும் ஒரே நிலைமைதான்.

சாதாரண கிராஸ்போவுக்கும் சீஜ் கிராஸ்போவுக்கும் இடையில் தேர்வு எளிது. சீஜ் கிராஸ்போ அடி பலம், பூட்டும் நேரமும் கூடுதல். ருட்ஹெல்ம் முற்றுகை என்ற மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், மதில் காக்கும் அணியில் இருந்தால் அதை எடுங்கள். கீழே முற்றுகைக் கோபுரத்தைத் தள்ளி வருகிறவர்கள் இடம் மாறாமல் வருவார்கள், மதில் உங்களை மறைக்கும், பூட்ட நேரம் கிடைக்கும். 1199இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு ஷாலூ கோட்டை முற்றுகையில் மதில்மேலிருந்து வந்த ஒரே கிராஸ்போ அம்பால் காயப்பட்டுத்தான் இறந்தான். அதை எய்தவன் ஒரு வறுசட்டியைக் கேடயமாகப் பிடித்திருந்தான் என்று சொல்வார்கள். முன்னேறித் தாக்கும் அணியில் இருந்தால் சாதாரண கிராஸ்போதான். ஓடி ஓடி இடம் மாற்றும்போது நீளமான பூட்டுதல் உயிரை வாங்கிவிடும்.

ஸ்கர்மிஷரை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. எறியீட்டியும் எறிகோடரியும் வைத்துக்கொண்டு அவன் சண்டைக்கு ஓரத்திலேயே சுற்றுகிறவன். நம் சீமையின் வளரிக்காரன் போல எறிந்துவிட்டுக் கைகலப்புக்கும் போவான். அது தனிச் சுகம். வாள்வீச்சு பழகியவர்களுக்கு இரண்டையும்விட அதுதான் பொருந்தும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆடுகிறவர்கள் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டிய ஒன்று பிங், அதாவது நம் சிக்னல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் வீட்டில் கரண்டும் நிலையாக இருக்காது, செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பாதி ஆட்டம். பிங் நூறு மில்லிசெகண்டைத் தாண்டிவிட்டால் ஓடுகிறவனை லாங்போவில் அடிப்பது எனக்குக் குருட்டுவேலை. மச்சானே அந்த மாதிரி ராத்திரிகளில் எரிச்சலில் எழுந்துபோய்விடுவான். கிராஸ்போவில் நான் எப்படியும் நிற்கிறவனைத்தான் தேடுகிறேன். காத்திருந்து, ஒரு அம்பு விட்டு, மறைந்து பூட்டுகிற தாளத்துக்கு மோசமான நெட் அவ்வளவாக இடைஞ்சல் செய்வதில்லை. தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை என்று அர்த்தம். வில்லின் பேரைச் சுமந்த ஊர் பக்கத்திலேயே இருக்க, நான் விசைவில்லைத் தேர்ந்ததற்கு இந்த நெட்தான் பாதிக் காரணம்.

ஆட்டம் முடிந்து பட்டியல் வரும்போது மச்சான் பெயர் பெரும்பாலும் எனக்கு மேலேதான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் என்பதோடு எவரை என்பதையும் பார்க்க வேண்டும். எதிரணி ஆர்ச்சர்களை அடக்கி வைப்பது, மதிலேறும் முதல் ஆளை விழவைப்பது, கோபுரம் தள்ளுகிறவனை நிறுத்துவது, இவற்றுக்கு முன்பே பூட்டிய ஒரு அம்பு, ஐந்து அவசர அம்பை விடப் பெரிது. கூட்டத்தை மெலியவைக்க வேண்டுமானால் லாங்போ. குறிப்பிட்ட ஒருவன் இப்போதே விழ வேண்டுமானால் கிராஸ்போ. என் தீர்ப்பு இதுதான். புதிதாக வருகிறவர்களுக்கும் கிராஸ்போவையே சொல்வேன், எங்கே நிற்பது என்பதை அது அடித்தே கற்றுக்கொடுத்துவிடும்.

போன வாரம்தான் எங்களுக்கு ஒன்று தோன்றியது. இரண்டு பேரும் ஒரே பாவிஸுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். நான் எய்துவிட்டுக் குனிந்ததும் மச்சான் எழுந்து இரண்டு அம்பு விடுவான். அவன் குனியும்போது நான் பூட்டி முடித்திருப்பேன்.

“மாப்ள, பூட்டிட்டியா?”

“பூட்டிட்டேன் மச்சான், நீ உக்காரு.”

அந்த ராத்திரி முழுக்க இந்த இரண்டு வரியைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. ஜூன் 15 விடிய அவன் படகேறிவிடுவான். அதற்குள் டார்க்ஃபாரஸ்ட் மேப்பில் மரங்களுக்கு நடுவே இதையே ஓடிக்கொண்டே செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.