வாட்ச் டைம் விற்பவர்களுக்குப் பணம் அனுப்பும் முன்

"சிஸ்டர், உங்க சமையல் வீடியோ எல்லாம் சூப்பர். இன்னும் மானிடைசேஷன் ஆகலையா? நாங்க பண்ணித் தர்றோம். ஆயிரம் சப், நாலாயிரம் மணி நேரம், பதினஞ்சே நாள். நான்-டிராப் கியாரண்டி."

யூடியூபில் சமையல், கோலம், தையல், மாடித்தோட்டம் என்று சின்னதாகச் சேனல் நடத்தும் பலருக்கு வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ இப்படி ஒரு செய்தி வந்திருக்கும். அறுநூறு எழுநூறு சப்ஸ்கிரைபர் சேர்ந்து, அதற்கு மேல் நகராமல் நிற்கும் நேரம் பார்த்துத்தான் வரும். யூடியூபில் விளம்பர வருமானம் பெற (இதுதான் மானிடைசேஷன்) 1000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்தில் 4000 மணி நேர வாட்ச் டைமும் (மக்கள் உங்கள் வீடியோவைப் பார்த்த மொத்த நேரம்) வேண்டும். அதைத்தான் இவர்கள் விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். 'நான்-டிராப்' என்றால் வாங்கியது பிறகு குறையாது என்ற வாக்கு. பாதிப் பணம் ஜிபேயில் முன்பணம், மீதி வேலை முடிந்ததும். சில ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிடுகிறார்கள். அந்தப் பணம் மட்டும் போனால் தாங்கிக்கொள்ளலாம். வீட்டு வேலை முடித்து, இரவில் உட்கார்ந்து எடிட் செய்து வளர்த்த சேனலே இதில் போய்விடுகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

பணம் வாங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் விஷயம் ஒரு நீளமான வீடியோ. "ஒரு மணி நேர வீடியோ ஒண்ணு போடுங்க, பழைய வீடியோவை எல்லாம் ஒட்டிப் போட்டாலும் போதும்" என்பார்கள். காரணம் எளிய கணக்கு. 4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். எட்டு நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்த்தால், அந்த அளவை எட்ட 80,000 வியூஸ் வேண்டும். ஒரு மணி நேர வீடியோ என்றால் முழுதாக 4000 தடவை ஓடினாலே போதும். சிலர் மழைச் சத்தமோ, ஒரே சாமி படத்தை வைத்துப் பக்திப் பாட்டோ தாங்களே கொடுத்து ஏற்றச் சொல்வார்கள். பாட்டுக்கு உரிமையாளர் இருந்தால் கண்டென்ட் ஐடி கிளெய்மும் (பாட்டு தன்னுடையது என்று உரிமையாளர் கோருவது) கூடவே வந்து சேரும்.

அந்த வீடியோவை ஓட்டுவதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, வரிசையாக அடுக்கிய போன்களிலோ, ஐபி முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளிலோ ஓட விடுவது. யூடியூபின் போலி ஈடுபாட்டு விதி இதை நேரடியாகத் தடை செய்கிறது. இரண்டாவது, உங்கள் வீடியோவைக் கூகுள் விளம்பரமாக ஓட்டுவது. இது பார்க்க நேர்மையானதாகத் தெரியும். வியூஸும் ஏறும், வாட்ச் டைமும் ஏறும். ஆனால் விளம்பரமாக ஓடிய நேரம் மானிடைசேஷன் தகுதிக்குச் சேராது.

நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். வேலை முடிந்தது என்று அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட், சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவின் 'அனலிட்டிக்ஸ்' பக்கத்திலிருந்து எடுத்தது. அங்கே விளம்பரத்தில் ஓடியது, ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடியது எல்லாம் ஒன்றாகக் கூட்டித்தான் காட்டும். தகுதிக்கான கணக்கு 'ஏர்ன்' பக்கத்தில் தனியாக இருக்கிறது. கடந்த 365 நாளில், பொதுவில் இருக்கும் வீடியோக்களுக்குக் கிடைத்த செல்லுபடியாகும் நேரம் மட்டுமே அதில் வரும். அனலிட்டிக்ஸில் 4100 என்று இருக்கும்போது ஏர்னில் 600 என்று இருந்தால், வித்தியாசம் முழுவதும் சேராத நேரம். மீதிப் பணத்தை அனுப்புவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். "அப்டேட் ஆக ரெண்டு மூணு நாள் ஆகும், இன்னைக்கே பேமென்ட் முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான்.

போன்களில் ஓட்டிய நேரம் சில சமயம் ஏர்னிலும் ஏறிவிடும். அப்போது அந்த ஒரு வீடியோவின் அனலிட்டிக்ஸைத் தனியாகத் திறந்து பாருங்கள். உண்மையான வீடியோவில் பார்ப்பவர்களின் கோடு முதல் அரை நிமிடத்தில் சரிந்து, பிறகு மெல்ல இறங்கும். வாங்கிய வியூஸில் அது தொடக்கம் முதல் கடைசி வரை மட்டமாக ஓடும், அல்லது எல்லாரும் ஒரே நிமிடத்தில் வெளியேறியதுபோல் சட்டென்று விழும். டிராஃபிக் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெரும்பகுதி 'டைரக்ட் ஆர் அன்னோன்' அல்லது 'எக்ஸ்டர்னல்'. தமிழில் பேசும் வீடியோவுக்குத் தமிழர்களே அதிகம் இல்லாத நாடுகளிலிருந்து கூட்டம் வந்திருக்கும். இம்ப்ரெஷன் (தம்ப்நெயில் யூடியூபில் காட்டப்பட்ட எண்ணிக்கை) சில நூறு, வியூஸ் சில ஆயிரம் என்று முறை தவறி நிற்கும். லைக்கும் கமென்ட்டும் பெயருக்குக்கூட இருக்காது. நீங்கள் பார்க்கும் இந்தத் தடயம் அத்தனையும் யூடியூபுக்கும் தெரியும், இன்னும் நுணுக்கமாகவே தெரியும்.

அடுத்த அடி ரிவ்யூவில் விழுகிறது. விண்ணப்பித்ததும் சேனலை மனிதர்களும் பார்க்கிறார்கள். எல்லா வீடியோவையும் பார்க்க முடியாது என்பதால் சேனலின் மையப் பொருள், அதிக வியூஸ் வாங்கியவை, புதியவை, வாட்ச் டைமில் பெரும்பங்கு கொடுத்தவை, தலைப்பும் தம்ப்நெயிலும் விவரக்குறிப்பும் என்று தேர்ந்தெடுத்துப் பார்ப்பதாக யூடியூபே சொல்கிறது. வாட்ச் டைமில் பெரும்பங்கு கொடுத்தது எது? ஒட்டிப் போட்ட அந்த ஒரு மணி நேர வீடியோ. கைப்பட எடுத்த நூறு வீடியோ சேனலில் இருந்தாலும், ரிவ்யூ செய்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். 'ரீயூஸ்டு கண்டென்ட்' (ஏற்கெனவே உள்ளதை மீண்டும் போட்டது) என்றோ, 2025 ஜூலையிலிருந்து 'இன்-ஆத்தென்டிக் கண்டென்ட்' (ஒரே மாதிரி மொத்தமாகத் தயாரித்தது) என்று அழைக்கப்படும் காரணத்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தப்பித் தவறி மானிடைசேஷன் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. போலி டிராஃபிக் என்று தெரிந்தால் வருமானத்தைப் பிடித்தம் செய்யலாம், யூடியூப் வருமானத்தைப் பகிரும் பார்ட்னர் திட்டத்திலிருந்து சேனலை நீக்கலாம், அந்த வருமானம் வந்து சேரும் கூகுளின் அட்சென்ஸ் கணக்கையே மூடலாம். ஒருவருக்கு ஒரு அட்சென்ஸ் கணக்குதான் அனுமதி. அது மூடப்பட்டால் நாளை நீங்கள் நேர்மையாகத் தொடங்கும் வேறு சேனலுக்கும் வழி அடைபடும். வாங்கிய சப்ஸ்கிரைபர்களோ, யூடியூப் போலிக் கணக்குகளை நீக்கும்போது மொத்தமாகக் குறைந்துவிடுவார்கள். "நான்-டிராப்" என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

இதைவிட மோசமானது பாஸ்வேர்டு கேட்பவர்கள். "செட்டிங்ஸ் மாத்தணும், ஜிமெயில் பாஸ்வேர்டும் வர்ற ஓடிபியும் சொல்லுங்க" என்பார்கள். உள்ளே போனதும் மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் தங்களுடையதாக மாற்றுவார்கள். இன்னும் தந்திரமானவர்கள் எதையும் மாற்றாமல் தங்கள் அட்சென்ஸை மட்டும் உங்கள் சேனலோடு இணைத்துவிடுவார்கள். வீடியோ உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, வருமானம் மட்டும் அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போகும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும் என்று தெரிந்த குடும்பம், இன்னும் சேரவில்லை போலிருக்கிறது என்று மாதக்கணக்கில் காத்திருக்கும். இணைத்த அட்சென்ஸை 32 நாளுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால், கண்டுபிடித்த அன்றே சரிசெய்யவும் முடியாமல் போகலாம்.

உண்மையிலேயே ஒருவர் உதவிக்குத் தேவை என்றால் பாஸ்வேர்டு கொடுக்க அவசியமே இல்லை. ஸ்டுடியோ செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' இருக்கிறது. எடிட் செய்பவருக்கு 'எடிட்டர் (லிமிடெட்)' கொடுத்தால் வருமான விவரம் அவர் கண்ணில் படாது. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். அட்சென்ஸ் தொடங்குவது, 10 டாலர் சேர்ந்ததும் தபாலில் வரும் ஆறு இலக்கப் பின்னைப் போடுவது, அமெரிக்க வரிப் படிவம் நிரப்புவது எல்லாமே இலவசம். வரிப் படிவத்தில் மட்டும் கவனம் வேண்டும்: நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். பான் எண் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்காவில் பார்க்கப்பட்டதிலிருந்து வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றி, உங்களுடையதல்லாத எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், அனுமதி பெற்ற வெளி ஆப்கள் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள். பழையவை அவர்களிடம் இருக்கலாம். பிறகு ஸ்டுடியோவின் பெர்மிஷன்ஸ். சேனல் பிராண்ட் அக்கவுண்ட்டில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கணக்கு) இருந்தால் அதன் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். புதிதாக உரிமையாளராகச் சேர்ந்தவர் முதன்மை உரிமையாளராக மாற 7 நாள் ஆக வேண்டும். அறிமுகமில்லாத முகவரி தெரிந்தால் அந்த 7 நாளுக்குள் நீக்கினால் சேனல் தப்பிக்கும். கடைசியாக ஏர்ன் பக்கத்தில் இணைந்திருக்கும் அட்சென்ஸ் உங்களுடையதுதானா என்று 'பப்' எனத் தொடங்கும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பணம் போன ஐடி, முழு உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். விற்பவர் உரையாடலை அழித்துவிடுவார் என்பதால் சண்டை போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். "நானும் விதியை மீறித்தானே வாங்கினேன்" என்று தயங்கிப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் "இன்னும் அனுப்பு, இல்லைன்னா ஸ்ட்ரைக் அடிப்பேன்" என்று இரண்டாம் சுற்று மிரட்டல் வருகிறது. 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறல் புகாரால் சேனல் மீது விழும் எச்சரிக்கை) விழுந்தால் சேனல் போகும் என்பது உண்மைதான். ஆனால் பொய் ஸ்ட்ரைக்குக்கு எதிர்-அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தபின், 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தைப் புகார் செய்தவர் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். இப்படிப் பொய் ஸ்ட்ரைக் போட்டு மிரட்டிய ஒருவர் மீது யூடியூபே 2019-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்து, அவர் 25,000 டாலர் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. மிரட்டலுக்குப் பணம் அனுப்பாதீர்கள், அந்தச் செய்தியையும் புகாரில் சேருங்கள்.

அந்த நீள வீடியோவை விண்ணப்பிக்கும் முன்பே நீக்கிவிடுங்கள். அதன் மணி நேரம் கணக்கிலிருந்து போகும், போகட்டும். நேர் வழியில் 4000 மணி நேரத்தை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 657 நிமிடம்: எல்லா வீடியோவும் சேர்ந்து 110 பேர், ஆளுக்கு 6 நிமிடம். அதற்கு முன்பே 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் 3 வீடியோ, 365 நாளில் 3000 மணி நேரம் இருந்தால் சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் வசதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். விளம்பர வருமானம் மட்டும் அதில் வராது. 2023-இல் வந்த இந்தப் படியைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை.

விண்ணப்பம் திரும்பி வந்தவர்களுக்கு 21 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. முதல் முறை என்றால் 30 நாள் கழித்துப் புதிதாகவும் விண்ணப்பிக்கலாம், அடுத்தடுத்த முறை 90 நாள். மேல்முறையீட்டு வீடியோ 5 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அதே சேனலில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்ற வேண்டும், முதல் 30 வினாடிக்குள் சேனலின் இணைய முகவரியைச் சொல்ல வேண்டும். அதில் மன்னிப்பும் கெஞ்சலும் வேண்டாம். அடுப்பு எதிரே டிரைபாட் எங்கே நிற்கிறது, லைட் எங்கே, குரல் எதில் பதிவாகிறது, எடிட் ஆப்பில் கிளிப்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டி, எந்தெந்த வீடியோ அப்படி எடுத்தது என்று தலைப்போடு சொல்லுங்கள்.