திட்டுவதற்கு ஆளில்லாத கடை

போன கிழமை பண்டாரவளை மச்சான் போன் போட்டான். "நீதானே பிளாக்செயின் கடையில தொப்பி விக்கிற, நானும் சேரட்டா?" அன்றைக்குத்தான் ஏழு கிழமையாகப் பூட்டிக் கிடந்த ஒரு தொப்பிக் காசு கைக்கு வந்திருந்தது. அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

அம்மா பின்னுகிற கம்பளித் தொப்பிகளை மூன்று வருஷமாக இரண்டு பக்கமும் விற்கிறேன்: ஒரு நிறுவனம் நடத்துகிற வழமையான இணையத் தளத்திலும், பலருடைய கணினிகளில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கேட்டில் (அதுதான் பிளாக்செயின்) ஓடுகிற சந்தையிலும். கமிஷன் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கைவினைப் பொருள் விற்கிற எட்சி தளத்தை எடுத்தால் ஒரு பொருளைப் போட 0.20 டொலர், விற்றால் 6.5 வீதம். என் பிளாக்செயின் சந்தையில் இரண்டும் கிடையாது. ஆனால் அங்கே ஓடுவது கிரிப்டோ என்ற இணையக் காசு; நம்ம வங்கி அட்டையால் அதை வாங்க இலங்கை மத்திய வங்கி விடாது. கடை திறக்கிற ஆரம்பக் கட்டணத்துக்கே கட்டாரில் இருக்கிற தம்பியிடம் கை நீட்டினேன்.

பொருள் சேரும்வரை வாங்குபவரின் காசைப் பிடித்துவைக்கும் முறை கேட்க அழகாக இருக்கும். வாங்குபவரிடம் ஒரு கணினிச் சாவி, என்னிடம் ஒன்று, நடுவரிடம் ஒன்று; மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் காசு நகரும். நோர்வேக்காரர் ஒருவர் தொப்பி கிடைத்ததும் தலையில் போட்டுப் படம்கூட அனுப்பினார். காசை விடுவிக்கும் பொத்தானை அமுக்க மட்டும் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை. வழமையான தளத்தில் பார்சல் சேர்ந்த தகவல் வந்தால், சில நாளில் காசு தானாக இறங்கிவிடும். இங்கே நடுவருக்கு எழுதினேன். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: ஆதாரம் அனுப்பு. ஹட்டன் தபால் கந்தோர் ரசீது மழையில் நனைந்து, இலக்கத்தில் பாதி மை ஊறிப்போயிருந்தது. அடுப்படியில் காயவைத்து, டோர்ச் வெளிச்சத்தில் நாலு தடவை படமெடுத்தேன். கடைசியில் நடுவர் தன் கூலியைக் கழித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வழமையான தளம் என்றால் போன் எடுத்துக் கத்தலாம். மறுமுனையில் ஒரு பிள்ளை பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கும். வேலை நடக்காது, ஆனாலும் நெஞ்சு ஆறும். இங்கே யாரைத் திட்டுவது? கணினியையா?

யாருக்கும் சொந்தமில்லாத சந்தை என்பதையும் முழுசாக நம்பாதே மச்சான். ஓப்பன்பஸார் என்ற கிரிப்டோச் சந்தை 2016இல் அப்படிச் சொல்லித்தான் வந்தது. பொருளைத் தேடவும், வாலட் என்ற கிரிப்டோப் பணப்பைக்கும் வேண்டிய சேவர் கணினிகளை நடத்தியது ஒரு நிறுவனம். 2021 தொடக்கத்தில் அது கையை விரித்ததும் கடைக்காரர்கள் நடுத்தெருவில்.

இவ்வளவும் சொன்னேன். வழமையான தளம் ஒன்று போன வருஷம் ஒரே ராத்திரியில் என் கடையை மூடியதை மட்டும் சொல்லவில்லை. "விதிமீறல்" என்று ஒற்றைச் சொல். என்ன விதி என்று இன்றுவரை தெரியாது. வாடிக்கையாளர் எழுதிய நல்ல வார்த்தைகளும் அதோடு போயின.

மச்சானுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்தேன். நேற்று ராத்திரி அம்மா நீலத்தில் ஒரு தொப்பி பின்னி முடித்தார். காலையில் அதை எந்தக் கடையில் போட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடாதீங்க.